மூக்கக்கா முத்திரை வைத்த பாட்டில்

பால் குளிரூட்டும் நிலையத்தில் அவளுக்கு மூக்கக்கா என்று பெயர். லாரி ஓட்டிகள் வைத்த பெயர் அது. வண்டி வந்து நின்று தொட்டி மூடி திறந்ததும் அவள் முதலில் மூக்கைத்தான் நீட்டுவாள். லாக்டோமீட்டர், அமிலம், கண்ணாடிக் குழாய் எல்லாம் அதற்குப் பிறகுதான். மாடு எதைத் தின்றது, கேனை எவன் சரியாகக் கழுவவில்லை, பால் எத்தனை மணி நேரம் வெயிலில் கிடந்தது என்று அந்த மூக்கு புட்டுப் புட்டு வைத்துவிடும். "வேணாம், திருப்பு" என்று அவள் சொன்னால் வண்டி திரும்ப வேண்டியதுதான். ஓட்டி காலில் விழுந்தாலும் சரி, மேனேஜரே வந்து கெஞ்சினாலும் சரி, அவள் எழுதியது எழுதியதுதான்.

பதினைந்து வருடமாக அந்த நிலையத்தின் பரிசோதனை ஏட்டில் ஒரே கையெழுத்து. ஓர் இடத்திலும் அடித்தல் திருத்தல் கிடையாது. தான் எழுதியதை எவனும் சந்தேகப்படக் கூடாது, அது ஒன்றுதான் அவளுக்கு வேண்டும். நகை வேண்டாம், புதுப் புடவை வேண்டாம், நாலு பேர் புகழவும் வேண்டாம். இதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. கொஞ்சம் என்ன, வேண்டிய மட்டும் உண்டு.

வீட்டில் அந்த மூக்குக்குக் காலணா மரியாதை கிடையாது. காரணம், மாடியில் குடியிருந்த நாத்தனார்.

நாத்தனாருக்கு நாற்பது வயது, கல்யாணம் ஆகவில்லை. சிறு வயதிலிருந்தே அவளுக்குப் பால் ஆகாது. பெற்றவள் விடாமல் வாயைத் திறந்து ஊற்றுவாள். குடித்த அரை மணியில் வயிறு உப்பும், பிறகு கழிப்பறையே கதி. "பள்ளிக்கூடம் போகாம இருக்க நடிக்கிறா" என்று முதுகில் நாலு சாத்து வேறு. முப்பது வயதில்தான் ஒரு டாக்டர், பாலில் இருக்கும் சர்க்கரை உன் உடம்புக்குச் செரிக்காதம்மா, நிறையப் பேருக்கு அப்படித்தான், குடிக்காதே என்று சொன்னார். நியாயமான பேச்சு. அதோடு விட்டிருந்தால் வீடு பிழைத்திருக்கும். அவள் விட்டால்தானே? ஆறு மாதம் உணவு ஆலோசனைப் படிப்பு ஒன்றைப் படித்தாள், கைப்பேசியை ஒரு கம்பியில் மாட்டினாள், பால் மனிதனுக்கு எதிரி என்று வாரம் இரண்டு வீடியோ பேச ஆரம்பித்தாள். பால் எலும்பை அரிக்கும், முகத்தில் பரு வரும், இருதயம் அடைக்கும், புற்றுநோய் வரும். இதில் பாதி, ஆராய்ச்சிக்காரர்கள் இன்னும் தங்களுக்குள் அடித்துக்கொண்டிருக்கும் விஷயம். கால்வாசி யாரோ எங்கோ சொன்னது. மிச்சம் அவளுடைய சொந்தச் சரக்கு.

மூக்கக்காவும் லேசுப்பட்டவள் இல்லை. பால் குடிக்காத பிள்ளையின் எலும்பு பிஸ்கட் மாதிரி நொறுங்கும் என்பாள். பால் குடிக்காமலே ஜம்மென்று வாழ்கிற ஜனங்கள் உலகத்தில் கோடிக்கணக்கில் இருக்கிறார்களே என்று கேட்டால் காது கேட்காது. "உனக்கு ஒத்துக்கலன்னா ஊருக்கே ஒத்துக்காதா? உனக்குக் கண்ணாடி போட்டாத்தான் எழுத்து தெரியுது, அதுக்காக ஊர்ல இருக்கிறவன் கண்ணையெல்லாம் நோண்டச் சொல்வியா?" என்று தினமும் காலையில் மாடியைப் பார்த்துக் கத்திவிட்டுத்தான் வேலைக்குப் போவாள்.

இருவருக்கும் நடுவில் கணவன். அவன் லிஃப்ட் மெக்கானிக். ஊரெல்லாம் பாதி வழியில் மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுப்பவன், தன் வீட்டில் கீழ்த்தளத்துக்கும் மாடிக்கும் நடுவே பத்து வருடமாக மாட்டிக்கொண்டிருந்தான்.

"பாம்புக்குப் பால் வார்த்த கதைன்னு சொல்லலாம்னு பார்த்தா, உங்க தங்கச்சி பாலும் குடிக்க மாட்டா" என்பாள் மூக்கக்கா.

"விடுடி, கேட்கப் போகுது."

"கேட்கட்டும்னுதானே சொல்றேன்!"

இந்தச் சண்டை வீட்டுக்குள்ளேயே கிடந்திருந்தால் ஒரு நாள் அலுத்துப் போயிருக்கும். ஆனால் மூக்கக்காவின் பத்து வயது மகள் படிக்கிற பள்ளியில் தினமும் பத்து மணிக்குப் பிள்ளைகளுக்கு ஒரு தம்ளர் பால் கொடுப்பார்கள். மூக்கக்காவின் நிலையத்திலிருந்து போகிற பால். அதை நிறுத்த வேண்டும் என்று நாத்தனார் ஒரு மனு எழுதி, வாசலில் நின்று நாற்பது பெற்றோரிடம் கையெழுத்தும் வாங்கிவிட்டாள். அந்த மனுவின் நகலைத்தான் ஒரு காலை, பல் துலக்கிய கையோடு மூக்கக்கா படித்தாள். மூன்றாம் பத்தியில் ஒரு வரி இருந்தது: "இந்தப் பாலில் என்னென்ன ரசாயனம் கலக்கப்படுகிறது என்பது யாருக்கும் தெரியாது."

நுரை தெறிக்க மாடிப்படி ஏறினாள்.

"யாருக்கும் தெரியாதா? அந்தப் பாலுக்குக் கையெழுத்துப் போடுறது யாருடி? நான்! அப்ப நான் கலக்குறேன்னு சொல்றியா?"

நாத்தனார் சாவதானமாகத் தலை வாரிக்கொண்டிருந்தாள். "நான் உங்களைச் சொல்லல அண்ணி. பொதுவாச் சொன்னேன். நிரூபிக்க வேண்டியது உங்க ஆளுங்க."

"நிரூபிக்கணுமா? வா. திங்கட்கிழமை காலைல ஏழு மணிக்கு வா. உன் கண்ணு முன்னாடியே தொட்டியிலேர்ந்து எடுத்துத் தரேன். நீ எந்த லேபுக்கு வேணாலும் அனுப்பு. ஒரு துளி, ஒரே ஒரு துளி கலப்படம் இருந்தா நான் இந்த வேலையை விட்டுடுறேன். இல்லன்னா நீ உன் வீடியோவை விட்டுடணும். சரியா?"

"சரி" என்றாள் நாத்தனார். சிரிக்கவில்லை.

திங்கட்கிழமை நாத்தனார் சொன்ன நேரத்துக்கு வந்தாள். மூக்கக்கா அவளை வேண்டுமென்றே வழி நெடுக நடத்திக் காட்டினாள். தலைக்குத் தொப்பி, காலுக்கு உறை. ஈரத் தரை, வேலை செய்யும் குளிர்க் குழாய்கள், வெள்ளைக்காரப் படத்தில் வருவது போல் பளபளக்கும் எஃகுத் தொட்டி. பாலை அடி முதல் மேல் வரை நீளக் கம்பியால் கலக்கினாள். பரிசோதனை அறையின் தட்டிலிருந்து இரண்டு பாட்டில் எடுத்து வந்து, மூடியைக் கழற்றி, நீளக் கரண்டியால் பாலை மொண்டு ஊற்றி, உடனே மூடினாள். மேலே அரக்கு உருக்கி முத்திரை வைத்தாள். காகிதம் ஒட்டித் தேதி போட்டுக் கையெழுத்திட்டாள்.

"ஒண்ணு உனக்கு. இன்னொண்ணு இங்க உறைபெட்டியில இருக்கும். நாளைக்கு நீ எதையாவது கலந்துட்டு வந்து கூத்தடிச்சா, என்கிட்ட ஆதாரம் இருக்கணுமில்ல?"

"நீங்க என்னை அவ்வளவு கேவலமா நெனக்கிறீங்களா அண்ணி?"

"ஆமா" என்றாள் மூக்கக்கா.

எட்டாம் நாள் சாயங்காலம் நாத்தனார் படியிறங்கி வந்தாள். கணவன் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தான், மகள் மேஜையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். நாத்தனார் ஒரு தாளை மூக்கக்காவின் முன்னால் வைத்தாள். கொழுப்பு சரி, புரதம் சரி, யூரியா இல்லை, சோடா இல்லை. ஆறாவது வரியில் ஃபார்மலின் என்று இருந்தது. அதற்கு எதிரே "உள்ளது".

"பிணம் கெடாம இருக்கப் போடுற மருந்து இது. அதுதானே அண்ணி?" என்றாள் நாத்தனார். அவள் குரல் நடுங்கியது. சந்தோஷத்திலா, பயத்திலா என்று சொல்ல முடியாது.

மூக்கக்காவுக்கு முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் கோபம் தலைக்கு ஏறியது. அவளுக்குத் தன் தொட்டி தெரியும், தன் பால் தெரியும். அப்படியென்றால் ஒன்றே ஒன்றுதான் நடந்திருக்க முடியும்.

"கலந்துட்டியேடி பாவி! அரக்கை எடுத்துக் கலந்துட்டு மறுபடி ஒட்டிட்டே!"

"நான் தொடக்கூட இல்ல."

"வாயைத் திறந்தா பொய். உன் வயித்துக்கு ஒத்துக்கலன்னா அதுக்கு என் பேரை நாற அடிப்பியா?"

கணவன் ஒற்றைச் செருப்போடு நடுவில் வந்தான். இரண்டு பேருமே அவனைத் தள்ளிவிட்டார்கள். அன்றே நாத்தனார் வீடியோ போட்டாள். பிணத்துக்குப் போடும் மருந்து உங்கள் குழந்தையின் தம்ளரில் என்று தலைப்பு. அடுத்த அரை மணியில் மூக்கக்கா பள்ளிப் பெற்றோர் குழுவில் குரல் செய்தி அனுப்பினாள். இருநூறு பேர் கேட்க, மூச்சு விடாமல், "அந்த ஃபார்மலினைக் கலந்தது என் நாத்தனார்தான், நான் சத்தியமாச் சொல்றேன், என் பதினைஞ்சு வருஷ வேலை மேல ஆணையாச் சொல்றேன்" என்றாள். அனுப்பிய பிறகுதான் கொஞ்சம் மூச்சு வந்தது.

மறுநாள் காலையில் மேனேஜர் வாசலிலேயே காத்திருந்தார். வழக்கமாக அவளைக் கண்டால் அவருக்கு ஏதாவது அவசர வேலை வந்துவிடும். அன்றைக்கு வாயெல்லாம் பல்.

"கேட்டேம்மா, கேட்டேன். அருமையாப் பேசியிருக்கீங்க. வக்கீல்கிட்டயும் போட்டுக் காட்டியாச்சு. உங்க நாத்தனார் மேல போலீஸ்ல புகார் எழுதியாச்சு. நம்ம பாட்டிலைத் திறந்து, சுத்தமா இருக்குன்னு நீங்க ஒரு தாள் எழுதிக் குடுத்துட்டா, அவங்க உள்ளதான்."

"இதோ" என்று கையுறையை மாட்டினாள் மூக்கக்கா.

உறைபெட்டியிலிருந்து பாட்டிலை எடுத்து, வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்து இளக்கினாள். தன் முத்திரையைத் தானே உடைத்தாள். குழாயில் கொஞ்சம் பால் விட்டு, மருந்து சேர்த்த அமிலத்தைக் குழாயின் ஓரமாக மெதுவாக இறக்கினாள். ஃபார்மலின் இல்லாத பால் என்றால், பாலும் அமிலமும் சேரும் இடத்தில் ஒன்றும் தெரியக் கூடாது. தெரிந்தது. ஊதா நிறத்தில் ஒரு வளையம், மெல்லியதாக, சந்தேகத்துக்கு இடமில்லாமல் நின்றது.

அமிலம் கெட்டுவிட்டது என்று நினைத்தாள். புதுப் புட்டி உடைத்தாள். வளையம் வந்தது. அன்று காலை வந்த பாலை அதே அமிலத்தில் சோதித்தாள். வளையம் வரவில்லை. மறுபடி பாட்டில் பால். வளையம்.

அப்போதுதான் அவள் பார்வை தட்டின் மேல் போனது.

தட்டில் நூற்றிருபது பாட்டில்கள், ஒவ்வொரு பால்காரருக்கும் ஒன்று. தினமும் அவரவர் பாலில் ஒரு கரண்டி எடுத்து அவரவர் பாட்டிலில் சேர்த்து, பதினைந்தாம் நாள் மொத்தமாகக் கொழுப்பு பார்ப்பார்கள். பதினைந்து நாள் அந்த மாதிரிப் பால் திரியாமல் இருக்க வேண்டும். அதற்காகப் பாட்டிலைத் தட்டில் அடுக்கும்போதே அடியில் இரண்டு சொட்டு ஃபார்மலின் விட்டு மூடிவிடுவாள். சோதனை முடிந்ததும் அந்தப் பால் சாக்கடைக்குப் போகும். யார் வாய்க்கும் போகாது. உலகத்தில் எத்தனையோ பால் நிலையத்தில் இதுதான் வழக்கம். அந்தத் திங்கட்கிழமை புதுத் தட்டு போட்ட நாள். நாத்தனார் வருவதற்கு முன்னால், ஆறு மணிக்கே வந்து, நூற்றிருபது பாட்டிலுக்கும் சொட்டு விட்டு மூடி வைத்தவள் அவளேதான். கூடுதலாக நாலைந்து பாட்டில் எப்போதும் போடுவாள். அதில் இரண்டைத்தான் எடுத்திருக்கிறாள்.

அவள் வேலையில் பாட்டில் என்றால் அந்தத் தட்டுதான். அன்றன்றைய சோதனையெல்லாம் கரண்டியிலிருந்து நேரே குழாய்க்குப் போய்விடும். சொட்டு விடாத பாட்டிலில் அவள் பால் பிடித்ததே இல்லை. கை தானாகப் போனது, தானாக எடுத்தது. சரி, அந்தப் பேர்போன மூக்கு என்ன செய்துகொண்டிருந்தது? அந்த அறையே அந்த வாடைதான். பதினைந்து வருடத்தில் மூக்குக்கு அது ஒரு வாடையாகவே படுவதில்லை.

மூக்கக்கா நாற்காலியில் உட்கார்ந்தாள். நாத்தனார் பாட்டிலைத் தொடவே இல்லை. அவள் சொன்னது அத்தனையும் உண்மை. தான் ஆணையிட்டுச் சொன்னதுதான் பொய்.

மேனேஜரிடம் ஒளிக்காமல் சொன்னாள். அவர் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"இதை வேற யார்கிட்ட சொன்னீங்க?"

"யார்கிட்டயும் இல்ல சார்."

"நல்லது. சொல்லவும் வேணாம். இன்னிக்கு வந்த பாலை வேற பாட்டில்ல ஊத்துங்க. பழைய தேதி போட்டு ஒட்டுங்க, கையெழுத்துப் போடுங்க, அரக்கு வைங்க. அஞ்சு நிமிஷ வேலை."

"அப்ப என் நாத்தனார் கலந்ததா ஆயிடுமே சார்?"

"ஆகட்டுமே! இத்தனை நாளா நம்ம வயித்துல அடிச்சுக்கிட்டிருந்தாங்களே, அது பரவாயில்லையா? நீங்களே ஆணை வெச்சுச் சொல்லியிருக்கீங்க. இப்ப மாத்திப் பேசினா உங்க பேரும் போச்சு, நம்ம பேரும் போச்சு. ஃபார்மலின்னு ஒரு சொல்லு போதும், அது எதுக்குன்னு எவன் கேட்கப் போறான்? சனிக்கிழமை பள்ளிக்கூடத்துல கூட்டம். அதுக்குள்ள தாள் என் கைக்கு வரணும்."

அன்று மகள் பள்ளியிலிருந்து வந்ததும் பையைச் சுவரில் வீசினாள். வகுப்பில் அவளுக்குப் பிணப்பால் என்று பெயர் வைத்துவிட்டார்களாம். பக்கத்தில் உட்கார்ந்தவள் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டாளாம்.

"அத்தைதான் கலந்தாங்கன்னு எல்லார்கிட்டயும் சொன்னேன்மா. நீதானே சொன்ன? அப்புறம் ஏன் யாரும் நம்ப மாட்டேங்கிறாங்க?"

மூக்கக்கா குனிந்து பையை எடுத்து ஆணியில் மாட்டினாள். கணவன் சாப்பிட்டுக்கொண்டே தலையைத் தூக்காமல் சொன்னான், "ரெண்டு பேர்ல ஒருத்தர் பொய் சொல்றீங்க. யாருன்னு கேட்க எனக்குப் பயமா இருக்கு."

சனிக்கிழமைக்கு மூன்று நாள் இருந்தது. மூன்று நாளும் அவள் புதுப் பாட்டிலை மேஜையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாத்தனார் மேல் அவளுக்கு இரக்கம் வந்தது என்று யாராவது நினைத்தால் தப்பு. ஒரு சொட்டு இரக்கமும் வரவில்லை. போலீஸ் வந்து அவளைக் கூட்டிப் போவதை நினைத்துப் பார்த்தாள், நன்றாகத்தான் இருந்தது. மாடியில் வெளிச்சம் இல்லை, வீடியோ இல்லை, காலையில் வீடு அமைதி. ஆசையாகவே இருந்தது. ஆனால் பேனாவை எடுத்துப் பழைய தேதியை எழுதப் போனால் கை வரவில்லை. பால் கெட்டது என்று எழுதிப் பழகிய கை, நல்லது என்று எழுதிப் பழகிய கை. இல்லாததை எழுத அதற்குத் தெரியவில்லை.

பள்ளிக்கூடத்தின் பெரிய அறை நிரம்பி வழிந்தது. நாற்காலி போதாமல் பிள்ளைகளின் குட்டி பெஞ்சுகளில் பெரியவர்கள் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்தார்கள். முன் வரிசையில் மேனேஜர், கையில் அவள் தாளுக்காகக் கொண்டு வந்த வெற்று உறை. எதிர்ப் பக்கம் நாத்தனார், முகம் வெளுத்து, பக்கத்தில் யாரோ ஒரு வக்கீலோடு. போலீஸ் புகார் விஷயம் அவளுக்குத் தெரிந்துவிட்டது. தலைமை ஆசிரியை ஒரு வார்த்தை சொல்லி முடிப்பதற்குள் மூக்கக்கா எழுந்துவிட்டாள்.

"என் நாத்தனார் ஒண்ணும் கலக்கல. நான் சொன்னது தப்பு. அந்த ரெண்டு சொட்டையும் விட்டது நான்தான்."

அவள் தட்டைப் பற்றிச் சொன்னாள், பாட்டிலைப் பற்றிச் சொன்னாள், பதினைந்து நாள் கணக்கைச் சொன்னாள். அது மாதிரிப் பாட்டிலுக்கு மட்டும்தான், குடிக்கிற பாலுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்றாள். சொல்லச் சொல்ல, தான் பேசுவது தன் காதுக்கே திருட்டுப் பேச்சு மாதிரிக் கேட்டது.

பின்னாலிருந்து ஒரு தகப்பன் எழுந்தான். "அப்ப ஃபார்மலின் உங்ககிட்ட இருக்கு?"

"லேப்ல இருக்கு."

"பால் இருக்கிற இடத்துல?"

"பால் நிலையத்துலதான். ஆனா..."

"அது தொட்டிக்குள்ள போகலன்னு நாங்க எப்படி நம்புறது?"

"நான் சொல்றேன். நான்தான் கையெழுத்துப் போடுறவ."

"உங்க நாத்தனார் கலந்தாங்கன்னு நாலு நாள் முன்னாடி ஆணை வெச்சுச் சொன்னதும் நீங்கதானே?"

கேட்டவன் கேட்டது முழுக்க நியாயம், அதுதான் தாங்க முடியவில்லை. ஒரு தாய் எழுந்து, தன் பிள்ளைக்கு மூன்று வருடமாக வயிற்றுவலி என்றாள். இன்னொருத்தி தோல் அரிப்பு என்றாள். எங்கிருந்தோ ஒருவன் "பிணம் திங்கிறவளுங்க!" என்று கத்தினான். பல் டாக்டரான ஒரு தகப்பன் மட்டும், ஒத்துக்கொள்கிற பிள்ளை குடிக்கட்டும், ஒத்துக்கொள்ளாத பிள்ளை விடட்டும், இதற்கு ஏன் சண்டை என்று ஆரம்பித்தார். அவரை உட்கார்த்திவிட்டார்கள். மேனேஜர் எழுந்து, இந்த அம்மாளை இன்றோடு வேலையிலிருந்து நீக்கியாயிற்று, இவர் செய்ததற்கு நிலையம் பொறுப்பல்ல என்று தெளிவாகச் சொல்லிவிட்டு வெளியே போனார்.

எல்லோரும் நாத்தனாரைப் பார்த்தார்கள். அவள் மெல்ல எழுந்தாள். மூக்கக்காவை ஒரு முறை பார்த்தாள்.

"நான் புதுசா என்ன சொல்றது? கேட்டுட்டீங்க. அவங்களே ஒத்துக்கிட்டாங்க" என்றாள்.

கைதட்டல் கூரையைப் பிளந்தது. பால் நிறுத்தம் என்று முடிவு எழுத இரண்டு நிமிஷம் ஆனது.

மூக்கக்கா பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தாள். மத்தியான வெயில். பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது, திரும்பவில்லை. நாத்தனார் பக்கத்தில் வந்து நின்று மூச்சு வாங்கினாள்.

"அண்ணி. நான் உங்களை நம்புறேன்."

மூக்கக்கா சாலையையே பார்த்தாள்.

"நிஜமா. நீங்க சொன்னது அத்தனையும் நம்புறேன். என்னை நிச்சயம் பண்ண மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்து, பொண்ணுக்கு உடம்புக்கு ஏதாவது உண்டான்னு கேட்டப்ப, எங்க அண்ணன், எங்கம்மா எல்லாரும் ஒண்ணுமில்லன்னு தலையாட்டினாங்க. நீங்க மட்டும், வயித்துக்கு ஆகாது, மாசத்துல பாதி நாள் படுத்துடுவான்னு பட்டுன்னு சொன்னீங்க. அவங்க எழுந்து போயிட்டாங்க. அன்னிலேர்ந்து உங்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. ஆனா நீங்க பொய் சொல்ல மாட்டீங்கன்னு எனக்குத் தெரியும். என் தலையெழுத்தையே குடுத்துத் தெரிஞ்சுக்கிட்டது அது."

அவ்வளவு பெரிய அறையில் ஒருத்தர்கூட மூக்கக்காவை நம்பவில்லை. நம்புகிற ஒரே ஆள் இவள்தானா? அழுகை வந்தது, அதைவிட அதிகமாக ஆத்திரம் வந்தது.

"அப்ப உள்ள போய் அதைச் சொல்லு. எல்லாரும் இன்னும் கலையல. வீடியோவுலயும் சொல்லு. அந்தப் பாட்டில்தான் தப்பு, பால் தப்பில்லன்னு சொல்லு."

நாத்தனார் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அது முடியாது அண்ணி."

"ஏன்?"

"சின்ன வயசிலேர்ந்து வயித்தைப் பிடிச்சுக்கிட்டு அழுதேன், ஒருத்தரும் நம்பல. பத்து வருஷமா வீடியோவுல கத்துறேன், நூறு பேர் பார்ப்பாங்க, பாதிப் பேர் திட்டுவாங்க. இப்ப நாலு லட்சம் பேர் பார்த்திருக்காங்க. என்னை மாதிரி எத்தனை பிள்ளைங்களுக்கு வாயில ஊத்துறது நின்னிருக்கும்! ரெண்டு சொட்டுக்காக நான் அதை விட மாட்டேன்."

"நான் தெரியாம விட்டேன்டி அந்த ரெண்டு சொட்டை" என்றாள் மூக்கக்கா. "நீ தெரிஞ்சே விடுற."

நாத்தனார் சாலைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். மறுக்கவில்லை. பேருந்து வந்தது. இரண்டு பேருக்கும் வீடு ஒன்று, பேருந்தும் ஒன்று. முன்னால் மூக்கக்கா ஏறினாள், பின்னாலேயே நாத்தனார் ஏறினாள். காலியாக இருந்த ஒரே இரட்டை இருக்கையில் பக்கத்துப் பக்கத்தில்தான் உட்கார வேண்டியிருந்தது. நடத்துநர் வந்து இரண்டு முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். இரண்டும் அழுத முகம்.

"ரெண்டு பேரும் ஒண்ணா வந்தவங்களா? ரெண்டு சீட்டு தரட்டுமா?"

மூக்கக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஒண்ணு போதும்" என்றாள். "இவங்க யாருன்னே எனக்குத் தெரியாது."

அவளுக்கு நாக்குக் கூசவில்லை. நடத்துநரும் அதை அப்படியே நம்பி, ஒரு சீட்டைக் கிழித்துக் கொடுத்தார்.